லாரி ஓட்டுநர்களுக்கு மணிக்கணக்கு விதி எதற்கு?

தூக்கம் வந்தால் டிரைவரே வண்டியை ஓரங்கட்டிவிடுவாரே என்கிறீர்கள். கண் சொக்குவது பல நேரம் அவருக்கே தெரியாது, சிக்கலே அதுதான். 80 கி.மீ. வேகத்தில் 3 விநாடி அயர்ந்தால் லாரி சுமார் 67 மீட்டர் தன்பாட்டுக்கு ஓடியிருக்கும்.

அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியத்தில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட இடைவேளை கட்டாயம். வண்டியிலுள்ள டாக்கோகிராஃப் கருவி அதைப் பதிந்துவிடும்.

அமெரிக்காவில் 11 மணி நேரம் ஓட்டலாம், ஆனால் வேலை தொடங்கிய 14 மணி நேரத்துக்குள். என் கணிப்பில் இடறுவது இங்கேதான்: குடோன் வாசலில் லோடுக்காகக் காத்துக் கிடக்கும் நேரமும் அந்த 14-ல் கழியும். அங்கே 4 மணி நேரம் போனால், விட்டதைப் பிடிக்க ஆக்சிலேட்டரை மிதிக்கத்தானே தோன்றும்? கிலோமீட்டர் கணக்கில் கூலி என்றால் கேட்கவே வேண்டாம். பாதுகாப்பைக் கெடுக்கும் அத்தகைய கூலிமுறையை ஐரோப்பிய விதி தடுக்கிறது.