சேற்றில் என்ன இருக்கிறது?

அன்புள்ள ஐயா,
மகள் கொச்சியில் கடல் உயிரியல் முதுகலை படிக்கிறாள். ஆழ்கடல் சேற்றில் கிடக்கும், கண்ணுக்கே தெரியாத புழுக்களை ஆராயப் போகிறாளாம். மீன், இறால் என்றாலாவது வேலை கிடைக்கும். இதனால் யாருக்கு என்ன பயன்? நீங்கள் சொன்னால் கேட்பாள். விடுதிச் செலவு வேறு கழுத்தை நெரிக்கிறது.
— ஒரு வாசகர், பாறசாலை

அன்புள்ள நண்பருக்கு,
சில நாட்களாகவே இந்தச் சேறுதான் என் மண்டையில் ஓடிக்கொண்டிருக்கிறது. வேலையை அவள் பார்த்துக்கொள்வாள், விடுங்கள். ஆனால் "கண்ணுக்கே தெரியாத" என்று என்ன இளப்பமாக எழுதியிருக்கிறீர்கள்!

நீரோடியில் மீன்பிடிக்கப் போகும் என் மாமா, கயிற்றில் கட்டி இறக்கிய கல்லில் ஒட்டிவந்த சேற்றை இரண்டு விரலால் தேய்த்து, முகர்ந்துவிட்டு, "இங்க கெடக்காது, இன்னும் வெலங்கப் போவோம்" என்பார். பள்ளிக்கூடம் போகாதவர். அவர்கூடச் சேற்றை அலட்சியப்படுத்தியதில்லை.

1840-களில் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற பெரிய இயற்கையியலாளர், 300 பாகத்துக்குக் கீழே உயிரே இருக்காது என்றார். ஏறக்குறைய 550 மீட்டர். அவர் அரித்துப் பார்த்தது ஏஜியன் கடலை. அங்கே ஆழத்தில் உயிர்கள் குறைவு. அதை வைத்து உலகக் கடலுக்கே தீர்ப்பு எழுதிவிட்டார்.

இன்று அந்தச் சேற்றை மாவு சலிப்பதுபோல் சலிக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டர் சல்லடையில் இறங்கி, 32 மைக்ரான் சல்லடையில் தங்குவதை ரோஸ் பெங்கால் சாயத்தில் ஊறவைத்தால், உயிரோடிருந்தவை இளஞ்சிவப்பாகத் தெரியும். பெரும்பாலும் நூற்புழுக்கள். லோரிசிஃபெரா என்று ஒன்று உண்டு: கால் மில்லிமீட்டர் உடம்பு, சுற்றிலும் கவசம், தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். 1983 வரை இப்படி ஒரு விலங்குத் தொகுதி இருப்பதே அறிவியலுக்குத் தெரியாது.

பயன் என்ன என்கிறீர்கள். மத்திய இந்தியப் பெருங்கடலில் 75,000 சதுர கிலோமீட்டர் நம் நாட்டுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது, கடலடியில் கிடக்கும் உலோகக் கட்டிகளான மாங்கனீசு முண்டுகளுக்காக. ஒரு முண்டு சில மில்லிமீட்டர் வளரப் பத்து லட்சம் ஆண்டு ஆகும். அள்ளினால் என்ன ஆகும் என்று பார்க்கத்தான் 1997-இல் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனத்தார் அங்கே வேண்டுமென்றே சேற்றைக் கலக்கினார்கள். கலக்குவதற்கு முன்னும் பின்னும் இந்தப் "புழுக்களை" எண்ணினார்கள். எண்ண ஆளில்லையென்றால், அங்கே ஒன்றுமில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டு அள்ளிக்கொண்டு போகலாம். எங்கள் கரைக்கு மணல் அள்ள வந்தவர்களும் "வெறும் மணல்தானே" என்றுதான் ஆரம்பித்தார்கள்.

மகளிடம் நான் எதுவும் சொல்லப்போவதில்லை. விடுதிக் கட்டணத்தைக் கட்டுங்கள் ஐயா.