கேள்வி - பதில்: சர்க்கரை இல்லாத ‘டயாபடீஸ்’

கேள்வி: பிட்யூட்டரி சுரப்பியில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட என் தம்பிக்கு ‘டயாபடீஸ் இன்சிபிடஸ்’ என்று சொல்லிப் பல ஆண்டுகளாக மாத்திரை கொடுத்துவருகிறார்கள். அண்மையில் மருத்துவர் அதை ‘ஆர்ஜினைன் வாசோபிரெசின் பற்றாக்குறை’ என்று எழுதித் தந்திருக்கிறார். நோய் மாறிவிட்டதா? பழைய பெயரில் என்ன குறை?

பதில்: நோயும் மாறவில்லை, மாத்திரையும் மாறவில்லை. பல நாடுகளின் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்கள் இடம்பெற்ற பணிக்குழு ஒன்று 2022-ஆம் ஆண்டில் பரிந்துரைத்த பெயரைத்தான் உங்கள் மருத்துவர் எழுதியிருக்கிறார்.

பழைய பெயரின் குறை ‘டயாபடீஸ்’ என்ற முதல் சொல்லிலேயே இருந்தது. சிறுநீர் அளவு மீறிப் போவது என்ற ஒரே அடையாளத்தை வைத்து, அது இனித்தால் ஒரு நோய், இனிக்காவிட்டால் இன்னொரு நோய் என்று பிரித்த காலத்துப் பெயர் அது. (நாவால் சுவைத்துப் பார்த்தே அன்றைய மருத்துவர்கள் இதைக் கண்டறிந்தார்கள்.) உங்கள் தம்பிக்குக் குறைந்திருப்பது இன்சுலின் அன்று, மூளையின் ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில் உருவாகி, பிட்யூட்டரியின் பின்பகுதியிலிருந்து இரத்தத்தில் கலந்து, நீரை மீட்டுக்கொள்ளும்படி சிறுநீரகத்துக்குக் கட்டளையிடும் வாசோபிரெசின் என்ற ஹார்மோன். அது இல்லாதபோது நாளொன்றுக்கு 3 லிட்டருக்கு மேல், கடுமையான நிலையில் 10 லிட்டரையும் தாண்டிச் சிறுநீர் வெளியேறலாம்.

தாகத்துக்கு ஏற்பக் குடிக்க முடிகிறவரை நோயாளி சமாளித்துவிடுவார். வேறு காரணத்துக்காக மருத்துவமனையில் சேர்ந்து, வாய்வழி எதுவும் உட்கொள்ளக் கூடாத நிலையில் இருக்கும்போதுதான் பெயர் வினையாகிறது. ‘டயாபடீஸ்’ என்பதைப் படித்த பணியாளர் இரத்தச் சர்க்கரையைப் பார்த்து, அளவு சரியாக இருப்பதால் கவலையில்லை என்று முடிவு செய்து, வாசோபிரெசினுக்கு ஈடாகக் கொடுக்கும் டெஸ்மோபிரெசின் மருந்தை ஒத்திப்போட்டால், இரத்தத்தில் சோடியம் ஏறி, மயக்கமும் மரணமும்கூட நேரக்கூடும். இது வெறும் கற்பனை அச்சம் அன்று. இம்மருந்து தவறவிடப்படுவதால் உயிருக்கு ஆபத்து என்று இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவை (NHS) 2016-இல் எச்சரிக்கையே விடுத்தது. பெயர் மாற்றத்துக்கு முன்பு ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில், ஏறத்தாழ 80 சதவீதத்தினர் தங்கள் நோயை மருத்துவத் துறையினரே சர்க்கரை நோயோடு குழப்பிக்கொண்டதாகக் கூறினர். 85 சதவீதத்தினர் பெயர் மாற்றத்தை ஆதரித்தனர்.

புதிய பெயர் நாவில் எளிதில் புரளாது என்பது உண்மை. ஆனாலும் எது குறைகிறது, எதைக் கொடுக்க வேண்டும் என்பதைப் பெயரே சொல்லிவிடுவதால், இந்த நீளத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

கேள்வி: சிறுநீரகக் கோளாறால் வரும் வகைக்கும் இதே பெயர்தானா? இனிப் பழைய பெயரைச் சொல்லக் கூடாதா?

பதில்: அதற்கு ‘ஆர்ஜினைன் வாசோபிரெசின் எதிர்ப்பு’ என்று பெயர். அங்கே ஹார்மோன் சுரக்கிறது. சிறுநீரகம் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. மரபணுக் குறைபாடோ, மனநோய்க்குத் தரப்படும் லித்தியம் மருந்தை நெடுநாள் உட்கொண்டதோ காரணமாக இருக்கலாம். டெஸ்மோபிரெசின் அங்கே பெரும்பாலும் பயன் தராது.

பழைய பெயரை இப்போதே கைவிட வேண்டாம். எல்லா மருத்துவர்களும் புதிய பெயருக்குப் பழகும்வரை இரண்டையும் சேர்த்தே எழுதும்படி பணிக்குழுவே அறிவுறுத்தியிருக்கிறது. உங்கள் தம்பி எப்போதும் உடன் வைத்திருக்கும் அட்டையில் இரு பெயர்களையும், மருந்தின் பெயரையும் அளவையும், ‘இது சர்க்கரை நோய் அன்று, மருந்து வேளை தவறக் கூடாது’ என்ற குறிப்பையும் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.