நிறம் ஏறாத டீ போலியா?

கேள்வி: ஏற்காட்டில் ஏரிக்கரைப் பக்கம் ஒரு கடையில் "எங்க மலை டீ" என்று ருசி பார்க்கக் கொடுத்தார்கள். பிடித்திருந்தது. 100 கிராம் பாக்கெட் 350 ரூபாய்க்கு வாங்கிவந்தேன். நீளநீளமாகச் சுருண்ட கருப்பு இலை. வீட்டில் வழக்கம்போல் பாலும் தண்ணீரும் சேர்த்துக் கொதிக்க விட்டால் நிறமே ஏறவில்லை, துவர்ப்புதான் நாக்கில் நிற்கிறது. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?
- வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: அவசரப்பட்டுக் கொட்டிவிடாதீர்கள். நாம் தினமும் போடும் டீத்தூள் சி.டி.சி. ரகம். இலையை நசுக்கி, கிழித்து, உருட்டிக் குருணையாக்கியிருப்பார்கள்; பாலிலும் சாயம் சட்டென்று இறங்கும். நீங்கள் வாங்கியது ஆர்த்தடாக்ஸ் ரகம் போலிருக்கிறது. இலையை முறுக்கி, அதிகம் உடைக்காமல் உலர்த்துவது அது. அதைப் பாலில் கொதிக்க விட்டால் மணம் போய்விடும், துவர்ப்புதான் மிஞ்சும்.

சந்தேகம் தீர ஒரு சோதனை. வெள்ளை வடிதாளில் கொஞ்சம் இலையைப் பரப்பி, பச்சைத்தண்ணீர் தெளியுங்கள். இலையை எடுத்துவிட்டுத் தாளைக் குழாயில் அலசி, வெளிச்சத்தில் பாருங்கள். கறை அழுத்தமாக ஒட்டியிருந்தால் சாயம் கலந்திருக்கிறது. சுத்தமாக இருந்தால் அந்தப் பயம் வேண்டாம்.

இனி போடும் முறை. போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். உப்புத் தண்ணீரில் எந்த நல்ல டீயும் கலங்கி, மேலே ஏடு படியும். காவிரித் தண்ணீரோ கேன் தண்ணீரோ எடுங்கள். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம் என்பதால் அங்கே 95 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும், சேலத்தில் 99 வரை போகும். அதனால் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்து, அரை நிமிடம் விட்டு ஊற்றுங்கள். 150 மில்லிக்கு 2 கிராம் இலை போதும். இந்த இலை கனமில்லாதது, ஒரு ஸ்பூன் அளந்தால் டீத்தூளின் எடை வராது. தராசு இல்லாவிட்டால் ஸ்பூனைக் குவித்து எடுங்கள். மூடிவைத்து மூன்று நிமிடத்தில் வடிகட்டிவிட வேண்டும். இலை அதிலேயே கிடந்தால் மறுபடியும் துவர்க்கும்.

முதல் வாய் பாலும் சர்க்கரையும் இல்லாமல் குடித்துப் பாருங்கள். சத்தம் வந்தாலும் பரவாயில்லை, காற்றோடு சேர்த்து உறிஞ்சினால்தான் மணம் மூக்குக்கு ஏறும். வடிகட்டியில் தங்கிய இலையையும் பாருங்கள். முறுக்கு அவிழ்ந்து, ரம்பப்பல் ஓரத்தோடு செம்பு நிறத்தில் விரிந்திருந்தால், அது முழு இலைதான். வெறும் காம்பும் நாரும் மிதந்தால் கொடுத்த விலை அதிகம். நல்ல இலை இரண்டாம் முறையும் மணக்கும், அதற்கு ஐந்து நிமிடம் கொடுங்கள். பாக்கெட்டைப் பிரித்தபின் மூடி இறுகிய டப்பாவில் போடுங்கள். தேயிலை பக்கத்தில் இருக்கும் வாசனையையெல்லாம் இழுத்துக்கொள்ளும், பெருங்காயம் உள்ள அலமாரியில் வைக்கவே கூடாது.

பணம் விஷயத்துக்கு வருகிறேன். பாலில் ருசிக்கவில்லை என்பதைக் குறையாகக் காட்டிப் பணம் கேட்பது கடினம். ஆனால் "எங்க மலை டீ" என்றது எனக்கு உறுத்துகிறது. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் பேர்சொல்லும் பயிர் காப்பியும் மிளகும்தான். பாக்கெட்டில் தயாரித்தவர் அல்லது பேக் செய்தவர் முகவரி, எடை, எம்.ஆர்.பி., பேக் செய்த தேதி, 14 இலக்க உணவு உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். முகவரி நீலகிரி என்றிருந்தால் டீயில் குறையில்லை, சொன்ன பேச்சில்தான் பொய். லேபிளே இல்லை, கறையும் பிடிக்கிறது என்றால் பில்லோடு கடையில் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். பில் வாங்கவில்லையென்றால் ஜிபே ரசீதாவது எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். அடுத்தமுறை பழக்கமில்லாத டீயை 50 கிராமுக்கு மேல் வாங்காதீர்கள். அதை எத்தனை நிமிடம் ஊறவைப்பது என்று கடைக்காரரையே கேளுங்கள்.