எக்ஸ்ரே நார்மல்தான், ஆனாலும் பந்தைத் தொட வேண்டாம்

முதலில் அந்த மாத்திரையை நிறுத்துங்கள். ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் மெடிக்கலில் வாங்கிய டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை ஒன்று கொடுத்தால் மகன் வலியே இல்லாமல் பத்து ஓவரும் போட்டுவிடுகிறான் என்று ஏதோ நல்ல செய்தி போல எழுதியிருக்கிறீர்கள். இவ்வளவு நீளமான கடிதத்தில் என்னைப் பயமுறுத்திய வரி அது ஒன்றுதான். வலி என்பது 'நிறுத்து' என்று உடம்பு சொல்வது. அதன் வாயை மாத்திரையால் அடைத்துவிட்டு மேலும் அறுபது பந்து போட வைக்கிறீர்கள். போதாக்குறைக்கு வெயிலில் வியர்த்து நீர் வற்றிய உடம்பில் இந்த மாத்திரை சிறுநீரகத்துக்கும் நல்லதில்லை.

மற்ற வாசகர்களுக்காகச் சுருக்கமாக: பையனுக்கு 16 வயது, வலது கை வேகப்பந்து. பள்ளி, கிளப், மாவட்டத் தேர்வு என்று மூன்று இடத்தில் வீசுகிறான், ஒரே வருடத்தில் மளமளவென்று உயரமாக வளர்ந்திருக்கிறான். மூன்று வாரமாக இடுப்பில் இடது பக்கம், பெல்ட் கட்டும் இடத்தை ஒட்டி வலி. பந்து வீசும்போது குத்துகிறது, இரண்டு நாள் சும்மா இருந்தால் போய்விடுகிறது, மறுபடி வீசினால் வருகிறது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, தசைப்பிடிப்பு என்று அனுப்பிவிட்டார்கள். இத்தனையையும் நான்கு வரியில் முடித்துவிட்டு, அப்புறம் இரண்டு பக்கத்துக்கு முட்டியில் சொடக்குச் சத்தம், தட்டைப் பாதம், ஒரு கால் அரை சென்டிமீட்டர் குட்டை, முன்காலை விறைப்பாக ஊன்றினால் முட்டி போய்விடும் என்று யூடியூபில் யாரோ சொன்னது என்று எழுதியிருக்கிறார் தந்தை. பந்து வீசும் ஆக்‌ஷனை மாற்றிவிடலாமா என்று கேட்கிறார். இவன் இனி வேகமாக வீச முடியுமா, முடியாதா என்பதுதான் அவர் மனதில் இருக்கும் கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது.

வீசலாம், அதற்குப் பிறகு வருகிறேன். அந்த இரண்டு பக்கத்தை முதலில் முடித்துவிடுவோம். வலியும் வீக்கமும் இல்லாத முட்டிச் சத்தம் வெறும் சத்தம்தான். வலிக்காத தட்டைப் பாதத்துக்கு எந்த வைத்தியமும் வேண்டாம். அரை சென்டிமீட்டர் வித்தியாசம் அளந்து பார்த்தால் பாதி ஊருக்கு இருக்கும், டேப்பை உள்ளே வையுங்கள். முன்காலை விறைப்பாக ஊன்றுவது குற்றமே இல்லை, ஓடி வரும் வேகம் பந்துக்குப் போவதே அப்படி ஊன்றுவதால்தான். ஸ்லோமோஷனில் படம் பிடித்து பும்ராவின் முழங்கையோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள். அது அவருடைய முழங்கை, விட்டுவிடுங்கள்.

அந்த இடது பக்க வலியை மட்டும் விடாதீர்கள்.

வலது கைக்காரன் பந்தை விடும்போது இடது கால் தரையில் வந்து இறங்குகிறது. அந்த நொடியில் கால் வழியாக மேலே ஏறும் விசை அவன் உடல் எடையைப் போலப் பல மடங்கு, நல்ல வேகப்பந்து வீச்சாளர்களிடம் ஐந்து மடங்கையும் தாண்டும். அதே நொடியில் முதுகு பின்னால் வளைந்திருக்கிறது, இடது பக்கமாகச் சாய்கிறது, கூடவே திருகவும் செய்கிறது. இந்த மூன்றும் சேர்ந்து நசுக்குவது கீழ் முதுகின் நான்காவது, ஐந்தாவது முள்ளெலும்பின் பின்பக்க வளையத்தில் இருக்கிற மெலிந்த ஒரு பகுதியை, அதிலும் பெரும்பாலும் பந்து வீசாத கையின் பக்கத்தில். கம்பியை ஒரே இடத்தில் வளைத்து நிமிர்த்திக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? அதுதான் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர். கீழே விழவும் வேண்டாம், அடிபடவும் வேண்டாம். வளர்கிற வயதில் அந்த எலும்பு இன்னும் முழுதாக இறுகியிருக்காது என்பதால், வேகமாக வீசும் இளைஞனுக்கு வீசாத கைப்பக்கம் இடுப்பு வலித்தால், 'இது எலும்பு இல்லை' என்று நிரூபிக்கும் வரை எலும்பு என்றே நான் வைத்துக்கொள்வேன்.

எக்ஸ்ரே நார்மல் என்பதில் ஆறுதல் எதுவும் கிடையாது, ஆரம்பக் கட்டத்தில் அது பெரும்பாலும் நார்மலாகத்தான் இருக்கும். எம்.ஆர்.ஐ. எடுங்கள். கதிர்வீச்சு கிடையாது, விரிசல் விழும் முன்பே எலும்புக்குள் நீர் கோத்திருப்பதைக் காட்டிவிடும். ஆனால் சீட்டில் 'இடுப்பு வலி' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் டிஸ்க்கைப் பார்த்துவிட்டு முடித்துவிடுவார்கள். 'வேகப்பந்து வீச்சாளர், இடது பக்க வலி, ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் சந்தேகம்' என்று மருத்துவரிடம் சொல்லி எழுதி வாங்குங்கள். ரிப்போர்ட்டில் டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது என்று ஒரு வரி இருந்தால் அதற்காக இரவு முழுக்க கூகுளில் தேட வேண்டாம், வலியே இல்லாதவர்களுக்கும் அப்படி வரும்.

இந்தக் கட்டத்திலேயே கண்டுபிடித்தால் ஓய்விலேயே எலும்பு கூடிவிடும். அசட்டை செய்தால் விரிசல் முழுதாகும், மறுபக்கமும் உடையும், அப்புறம் முள்ளெலும்பு முன்னால் நழுவவும் கூடும். ஓய்வு என்றால் ஒரு வாரம் இல்லை ஐயா. குறைந்தது மூன்று மாதம் பந்து வீச்சு கிடையாது, பிறகு பிசியோதெரபிஸ்ட் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாக, முழு வேகத்துக்குத் திரும்ப ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகும். நடக்கலாம், பள்ளிக்குப் போகலாம். முதுகுக்கு நல்லது என்று யாராவது புஜங்காசனம், சக்ராசனம் சொல்லிக் கொடுத்தால் மறுத்துவிடுங்கள், பின்னால் வளைவதுதான் இப்போது ஆகவே ஆகாது. முதுகில் நெட்டி எடுக்கிறேன் என்பவரிடமும் கூட்டிப் போகாதீர்கள்.

இதோடு எல்லாம் முடிந்துவிடுமா என்ற பயத்துக்கு வருகிறேன். ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லிக்கு 1973 வெஸ்ட் இண்டீஸ் பயணத்தில் இதே கீழ் முதுகு எலும்புதான் உடைந்தது. அடுத்த ஆண்டு இங்கிலாந்துக்கு எதிராகத் திரும்பி வந்தார், 355 டெஸ்ட் விக்கெட்டோடு ஓய்வு பெற்றார். 1987-ல் சென்னையில் எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷன் என்ற வேகப்பந்துப் பயிற்சி மையம் தொடங்கியபோது நம் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்க வந்தவரும் அவர்தான். இன்னொரு ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் பேட் கம்மின்ஸ் 2011-ல், 18 வயதில், ஜோகன்னஸ்பர்க்கில் முதல் டெஸ்ட்டிலேயே ஆட்ட நாயகன். அடுத்த டெஸ்ட் ஆட 2017 மார்ச் வரை காத்திருந்தார், இடையில் முதுகெலும்பு திரும்பத் திரும்பத் தொல்லை கொடுத்தது. இன்று அவர் உலகக் கோப்பை வென்ற கேப்டன். இவர்களுக்கெல்லாம் பின்னால் ஒரு மருத்துவக் குழு இருந்தது என்பது உண்மைதான். உங்கள் மகனுக்கு அந்தக் குழு நீங்கள்தான், அதனால்தான் மாத்திரை விஷயத்தில் இத்தனை கோபம்.

ஆக்‌ஷன்? வலி போகும் வரை கை வைக்காதீர்கள். பக்கவாட்டில் நின்று வீசுவதும் சரி, நேராக நின்று வீசுவதும் சரி, இரண்டையும் குழப்புவதில்தான் வம்பு. இடுப்பு பேட்ஸ்மேனைப் பார்த்து நேராக இருக்க, தோள் மட்டும் பக்கவாட்டுக்குத் திருகிப் போவதை மிக்ஸ்டு ஆக்‌ஷன் என்பார்கள். அந்தத் திருகல் 30 பாகையைத் தாண்டினால் முதுகுக்கு ஆபத்து கூடுகிறது. இதைத் தெரிந்த பயிற்சியாளர் எலும்பு கூடிய பிறகு, பாதி வேகத்தில் வீச வைத்துத் திருத்தலாம். மொபைலில் பார்த்து நீங்கள் திருத்தாதீர்கள்.

உண்மையைச் சொன்னால் எனக்கு ஆக்‌ஷனைவிட அவன் போடும் ஓவர் எண்ணிக்கையில்தான் சந்தேகம். மூன்று அணி, மூன்று பயிற்சியாளர், மொத்தத்தை யாருமே கூட்டிப் பார்ப்பதில்லை. நெட்ஸில் போடுவதும் ஓவர்தான். இங்கிலாந்தில் இந்த வயதுக்கு ஒரு ஸ்பெல்லுக்கு, அதாவது ஓய்வில்லாமல் தொடர்ந்து வீசும் ஒரு தவணைக்கு, 7 ஓவர், ஏழு நாளில் நான்கு நாளுக்கு மேல் பந்து வீச்சு இல்லை என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். மகன் திரும்பி வந்ததும் ஒரு நோட்டுப் போட்டு எழுதுங்கள். இரண்டு வாரம் விடுமுறை போய்விட்டு வந்த அன்றே பத்து ஓவர் போடுவதும் இதே வேலையைத்தான் செய்யும்.

காலில் மரமரப்போ பலக்குறைவோ வந்தாலும், சிறுநீர் வராமல் அடைத்தாலும், படுத்தாலும் போகாத இரவு வலியோடு காய்ச்சல் இருந்தாலும் எம்.ஆர்.ஐ. தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஞாயிற்றுக்கிழமை அரையிறுதி, ஒரு நான்கு ஓவர் மட்டும் போடட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். எம்.ஆர்.ஐ. வரும் வரை பேட்டிங்கும் வேண்டாம், ஸ்கோர் போடட்டும்.