பார்க்கரை 'முழுசாக' வாங்கலாமா?

கேள்வி: ஜாஸ் கலைஞர் சார்லி பார்க்கரின் சாக்ஸபோனை முதன்முதலாகக் கேட்கப் போகிறேன். ஒரே ஒரு செட்தான் வாங்க முடியும். 'பெஸ்ட் ஆஃப்' என்று ஒற்றை சிடி இருக்கிறது, 'கம்ப்ளீட்' என்று எட்டு சிடி பெட்டியும் இருக்கிறது. வாங்குவதே வாங்குகிறோம், முழுசாக வாங்கிவிடலாமே?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: வேண்டாம். பார்க்கரைக் கேட்கக் கிளம்புகிறவர்களைப் பாதி வழியிலேயே திருப்பி அனுப்புவது இந்த 'முழுசாக'தான்.

நீங்கள் சொல்லும் எட்டு சிடி பெட்டி 2000-இல் வந்தது. 1944 முதல் 1948 வரை சவாய், டயல் என்ற இரண்டு கம்பெனிகளுக்குப் பார்க்கர் ஸ்டுடியோவில் வாசித்தவை அதில் இருக்கின்றன. அதற்குப் பிறகு தயாரிப்பாளர் நார்மன் கிரான்ஸிடம் அவர் வாசித்தவை, அதாவது இன்று வெர்வ் பெயரில் கிடைப்பவை, ஒன்றுகூட அதில் இல்லை. 1949-இல் வயலின் கூட்டத்தோடு வாசித்த 'ஜஸ்ட் ஃப்ரெண்ட்ஸ்' இல்லை. 1950-இல் டிரம்பெட்டுக்கு டிஸ்ஸி கில்லெஸ்பி, பியானோவுக்கு தெலோனியஸ் மங்க் இருவரையும் வைத்துக்கொண்டு வாசித்தது இல்லை. 1953-இன் 'கன்ஃபர்மேஷன்' இல்லை. பார்க்கர் இறந்தது 1955 மார்ச் 12. கடைசி ஆறேழு வருடங்களை விட்டுவிட்டு 'கம்ப்ளீட்' என்று அட்டையில் போட்டிருக்கிறார்கள். வெர்வ் பக்கத்துக்குத் தனியாக ஒரு 'கம்ப்ளீட்' 1988-இல் வந்தது, பத்து சிடி. இரண்டையும் வாங்கினாலும் முழுசாகாது. அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் 1942 ஆகஸ்டில் பதிவுக்கூடங்களைப் புறக்கணித்தது. பார்க்கரும் கில்லெஸ்பியும் ஒன்றாக வாசித்த 1943-ஆம் ஆண்டு ஏர்ல் ஹைன்ஸ் குழு, அதனாலேயே ஒரு இசைத்தட்டுகூட வெளியிடவில்லை. பீபாப் என்ற அவர்களுடைய புது ஜாஸ் பாணி முளைவிட்ட அந்த மாதங்களை இனி யாராலும் எந்தப் பெட்டியிலும் அடைக்க முடியாது.

முழுத் தொகுப்புகளோடு எனக்கு இருக்கும் சண்டை 'டேக்' விஷயத்தில், அதாவது ஒரே பாட்டைப் பதிவுக்காக வாசித்துப் பார்த்த ஒவ்வொரு தடவையின் விஷயத்தில். 78 வேகப் பத்து அங்குல இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான். வாசிப்பதை நேரடியாகத் தட்டில் வெட்டினார்கள். நடுவில் பிசகினால் ஒட்டுப்போட வழியில்லை, முதலிலிருந்து வாசிக்க வேண்டும். தேறியதை 'மாஸ்டர்' என்று வெளியிட்டார்கள். மற்றவை பிற்பாடு ஒவ்வொன்றாக வெளியே வந்தன. முழுத் தொகுப்பு போடுகிறவர்கள் எல்லாவற்றையும் நடந்த வரிசையிலேயே அடுக்குகிறார்கள். 1945 நவம்பர் 26 அமர்வை அப்படிக் கேட்டால் 'பில்லீஸ் பவுன்ஸ்' ஐந்து டேக் வரும். சாக்ஸபோனின் ரீட் (வாயில் வைத்து ஊதும் நாணல் துண்டு) கிறீச்சிடும், டிரம்பெட் வாசித்த 19 வயது மைல்ஸ் டேவிஸ் தடுமாறுவார், பாதியில் நிற்கும், மறுபடி தொடங்கும். பழகிய காதுக்கு இது பொக்கிஷம்: ஒரே பன்னிரண்டு பார் (தாள அளவு) ப்ளூஸ் சுற்றில் பார்க்கர் ஒவ்வொரு தடவையும் வேறொன்றை வாசிக்கிறார். புதிதாகக் கேட்பவர் மூன்றாவது டேக்கிலேயே எழுந்து போய்விடுவார், வீட்டில் கூட இருப்பவர் இரண்டாவதிலேயே. மாஸ்டர்களை முன்னால் வைத்துவிட்டு மிச்சத்தைக் கடைசி சிடிகளுக்குத் தள்ளினால் இரண்டு தரப்புக்கும் நல்லது. இதைச் செய்ய ஏன் இத்தனை பிடிவாதம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

வாங்க வேண்டியது: 1997-இல் ரைனோ கம்பெனி வெளியிட்ட 'யார்ட்பேர்ட் சூட்' என்ற இரண்டு சிடி தொகுப்பு. சவாய், டயல், வெர்வ் மூன்றும் கலந்து ஒரே இடத்தில் இருப்பதுதான் அதன் பலம். பழைய சிடி விற்பவர்களிடம் தேடுங்கள். கிடைக்கவில்லையென்றால் சவாய்–டயல் பதிவுகளிலிருந்து பொறுக்கிய ஒற்றை சிடியையும், 'கன்ஃபர்மேஷன்' என்ற வெர்வ் இரட்டை சிடியையும் (1995) சேர்த்து வாங்குங்கள். ஒற்றை சிடி மட்டும் போதாது, அதிலும் வெர்வ் இல்லை.

வேறு ஏதாவது மலிவுத் தொகுப்பு கண்ணில் பட்டால் முதலில் பின்னட்டையைத் திருப்புங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் தேதியும் கூட வாசித்தவர் பெயரும் போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் வைத்துவிடுங்கள். பார்க்கர் ஒரே பாட்டை ஸ்டுடியோவிலும் கிளப்பிலும் வானொலியிலும் பலமுறை வாசித்திருக்கிறார், எல்லாம் ஒரே பெயரில் விற்கிறது. 'நவ்ஸ் த டைம்' 1945-இல் டிரம்பெட்டோடு சவாய்க்கு வாசித்தது, 1953-இல் டிரம்பெட் இல்லாமல் நால்வராக வெர்வுக்கு வாசித்தது. கூட்டத்தின் இரைச்சல் கேட்டால் இரண்டுமே இல்லை.

அட்டையில் நான் தேடுவது இவை: 'கோ-கோ' (26-11-1945), 'ஆர்னிதாலஜி' (28-3-1946), 'எம்ப்ரேஸபிள் யூ' (28-10-1947), 'பார்க்கர்ஸ் மூட்' (18-9-1948), 'ஜஸ்ட் ஃப்ரெண்ட்ஸ்' (30-11-1949). 'கோ-கோ' இல்லாத பார்க்கர் தொகுப்பைத் தொகுத்தவர் அவரைக் கேட்கவே இல்லை. 'செரோக்கி' என்ற பழைய பாட்டின் கார்டுகளை (மெட்டுக்குத் துணையாகச் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கொத்துகளை) மட்டும் எடுத்துக்கொண்டு, மெட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, 64 பார் சுற்றை இரண்டு முறை மூச்சு முட்டும் வேகத்தில் ஓடுகிறார். முதல் டேக்கில் பழக்க தோஷத்தில் 'செரோக்கி' மெட்டையே தொடங்கிவிட, உடனே கத்தி நிறுத்துகிறார்கள். மெட்டை வாசித்தால் அதை எழுதியவருக்கு ராயல்டி போகும். கார்டு வரிசைக்கு உரிமைத்தொகை கிடையாது. 'எம்ப்ரேஸபிள் யூ'வில் இன்னும் அழகு: எல்லோருக்கும் தெரிந்த அந்த மெட்டை ஆரம்பத்தில் தொடாமலேயே, ஆறு ஸ்வரத் துணுக்கு ஒன்றை எடுத்து அதை வளர்த்துக்கொண்டே போகிறார்.

வாங்கியதும் இரண்டு சோதனை. கீபோர்டிலோ டியூனர் செயலியிலோ ஸ்ருதி பாருங்கள். 'பார்க்கர்ஸ் மூட்' பி ஃப்ளாட், 'நவ்ஸ் த டைம்' எஃப். இரண்டு கட்டைக்கு நடுவே நின்றால், தட்டிலிருந்து மாற்றியவர்கள் வேகத்தைத் தவறவிட்டிருக்கிறார்கள். அடுத்து 'கோ-கோ'வில் டிரம்ஸ் வாசித்த மாக்ஸ் ரோச்சின் சிம்பல் தெரிகிறதா என்று கவனியுங்கள். இரைச்சலை நீக்குகிறேன் என்று கிளம்பியவர்கள் முதலில் துடைத்துவிடுவது அதைத்தான். கொஞ்சம் கரகரப்போடு சிம்பல் உள்ள பதிப்பே மேல். பார்க்கரைப் பற்றி 1988-இல் வந்த 'பேர்ட்' படத்தின் இசைத்தட்டை மறந்தும் முதலில் வாங்காதீர்கள். அதில் பார்க்கரின் தனிவாசிப்பை மட்டும் பிரித்தெடுத்து, புதியவர்களைச் சுற்றி வாசிக்கவைத்திருக்கிறார்கள். ரோச்சும் டேவிஸும் பதில் சொல்லாத பார்க்கர் பாதிப் பார்க்கர்.

'லவர் மேன்' பற்றி இந்தப் பக்கத்தில் எழுதி முன்பே வசவு வாங்கியாயிற்று, மறுபடியும் சொல்கிறேன். 1946 ஜூலை 29-இல் நிற்கவே முடியாத நிலையில் வாசித்தது அது. டயல் முதலாளி ராஸ் ரஸ்ஸல் அதை வெளியிட்டதற்குப் பார்க்கர் கொதித்தார். அதைத் துயரத்தின் உச்சம் என்று கொண்டாடி 'பெஸ்ட் ஆஃப்'களில் சேர்க்கிறார்கள். வாசித்தவரே வெளியே வரக்கூடாது என்ற ஒன்றைச் சிறந்தது என்று விற்பது எனக்கு ஒப்பாது. அந்த இரவுக்குப் பிறகு ஆறு மாதம் கமரில்லோ மருத்துவமனையில் இருந்து, தேறி வந்து 1947 பிப்ரவரியில் வாசித்த 'ரிலாக்சின் அட் கமரில்லோ'வைக் கேளுங்கள்.

மேடைப் பதிவு ஒன்று வேண்டுமென்றால் அடுத்த மாதம் மாஸி ஹால் கச்சேரியை வாங்குங்கள்: டொரண்டோ, 1953 மே 15. கில்லெஸ்பி, பியானோவுக்கு பட் பவல், பேஸுக்கு மிங்கஸ், ரோச் எல்லோரும் இருந்தும் அரங்கம் நிறையவில்லை. அன்று ராத்திரி மார்சியானோ–வால்காட் குத்துச்சண்டை. பேஸ் சரியாகப் பதிவாகாததால் மிங்கஸ் பிறகு ஸ்டுடியோவில் தன் பங்கை மறுபடி வாசித்துச் சேர்த்தார். வேறு கம்பெனியோடு ஒப்பந்தம் இருந்ததால் அட்டையில் பார்க்கரின் பெயர் 'சார்லி சான்'. கையில் இருந்தது கிராஃப்டன் என்ற பிளாஸ்டிக் ஆல்டோ சாக்ஸபோன். 1994-இல் லண்டன் ஏலத்தில் அது 93,500 பவுண்டுக்குப் போனது, எடுத்தது அவர் வளர்ந்த கான்சஸ் சிட்டி. அந்த பிளாஸ்டிக்கில் அவர் 'ஹாட் ஹவுஸ்' வாசிப்பதைக் கேட்ட பிறகு, என்ன மவுத்பீஸ், என்ன ரீட் என்று என்னிடம் யாரும் கடிதம் எழுத வேண்டாம்.