முந்நூறு வார்த்தைக் கட்டுரையும் ஒரு பள்ளிப் பதிவேடும்

ஐயா, வணக்கம். 2024 மே மாதம் புனேயில் 17 வயதுப் பையன் ஓட்டிய போர்ஷே கார் மோதி இளம் பொறியாளர்கள் இருவர் செத்துப்போனார்கள். அன்றைக்கே அவனுக்கு ஜாமீன். விபத்தைப் பற்றி 300 வார்த்தையில் கட்டுரை எழுதச் சொன்னார்கள். குழந்தை உரிமை என்று நீங்களெல்லாம் பேசுவது இதற்குத்தானா? சிறுவன் என்று கணக்கிடும் வயதை 18இலிருந்து 16 ஆகக் குறைத்துவிட்டால் என்ன?

வாசகர், திருநெல்வேலி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கோபம் எனக்கும் உண்டு. இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளைப் பறிகொடுத்து நிற்கும்போது கட்டுரை எழுதச் சொன்னது அவர்களுக்குச் செய்த அவமரியாதை. ஆனால் அப்படிச் செய்யச் சொல்லி 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் எங்கும் இல்லை. இப்படிப்பட்ட சிறுவர்களின் வழக்கை விசாரிப்பது இளைஞர் நீதிக் குழுமம்; அதில் ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். பையனின் வீடு, படிப்பு, சகவாசம் எல்லாவற்றையும் விசாரித்து நன்னடத்தை அலுவலர் இரண்டு வாரத்துக்குள் அறிக்கை தர வேண்டும். அவனை என்ன செய்வது என்பதை அதைப் படித்துவிட்டுத்தான் குழுமம் யோசிக்க வேண்டும். புனேயில் முதல் நாள் ஜாமீன் கொடுத்தது ஒரே ஒரு உறுப்பினர். அப்புறம், பையனின் ரத்த மாதிரியையே மாற்றிவிட்டதாக வழக்குப் போட்டு மருத்துவர்களையும் பெற்றோரையும் போலீஸ் கைது செய்தது. அது உண்மையென்றால், வயதை 16 ஆக்கினாலும் 14 ஆக்கினாலும் அந்தக் குடும்பத்தின் பணம் அதே வேலையைச் செய்திருக்கும்.

வயது விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கேட்பதில் பாதி ஏற்கெனவே நடந்துவிட்டது. ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992இல் ஏற்றது. அதுவரை ஆண் பிள்ளைக்கு 16, பெண் பிள்ளைக்கு 18 என்றிருந்த வரம்பை 2000ஆம் ஆண்டுச் சட்டம் இருவருக்கும் 18 ஆக்கியது. பிறகு டெல்லி நிர்பயா வழக்கின் சிறுவன் 2015 டிசம்பர் 20 அன்று வெளியே வந்தான். இரண்டே நாளில் மாநிலங்களவை புதிய சட்டத்தை நிறைவேற்றியது. குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டு என்றுள்ள கொடுங்குற்றத்தில் 16 வயது தாண்டியவர் சிக்கினால், மனநிலையை மதிப்பிட்டு, பெரியவர்போல விசாரிக்க இப்போது வழி இருக்கிறது. கோபம் ஆறுவதற்குள் எழுதிய சட்டம் அது என்பது என் எண்ணம்.

புனே பையனைப் பற்றி நாடே பேசியது. செங்கல்பட்டுப் பையனைப் பற்றி எத்தனை பேர் பேசினோம்? ரயில்வே பேட்டரி திருடியதாகப் பிடிபட்ட 17 வயதுச் சிறுவன். விசாரணை முடியும்வரை சிறுவர்களை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்தில் சேர்த்த சில நாட்களில், 2022 டிசம்பர் 31 அன்று, இறந்துபோனான். அடித்துக் கொன்றார்கள் என்று இல்லத்தின் ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். அதன் பிறகுதான் நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழு அமைத்தது. இவனைக் காக்கவும் அதே சட்டம்தான் இருந்தது. இவனுக்காக வாதாட வழக்கறிஞர் பட்டாளம் இல்லை, கேள்வி கேட்க டிவி கேமராவும் வரவில்லை. வயதைக் குறைத்தால் பெரியவர்களின் சிறைக்குப் போகப்போவது பெரும்பாலும் இவனைப் போன்றவர்கள்தான்.

அதே புனேயில் இன்னொரு வழக்கு உண்டு. 1994இல் நடந்த கொடூரமான கொலை அது. ஐந்து பெண்களும் இரண்டு குழந்தைகளும் கொல்லப்பட்டார்கள். குற்றவாளி ஒருவனின் வயதை இருபதுக்கு மேல் என்று எழுதிக்கொண்டார்கள். தூக்குத் தண்டனை விதித்தார்கள், உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எந்தக் கட்டத்திலும், தீர்ப்புக்குப் பிறகும்கூட, 'நான் அப்போது சிறுவன்' என்று முறையிடலாம் என்கிறது இளைஞர் நீதிச் சட்டம். சிறையிலிருந்து அவர் முறையிட்டார். ராஜஸ்தானில் அவர் படித்த பள்ளியின் பதிவேட்டைப் பார்த்தபோது, சம்பவம் நடந்த அன்று அவருக்குப் பன்னிரண்டரை வயது. 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. 28 ஆண்டுகள் போய்விட்டன. சிறுவன் என்று தெரிந்திருந்தால் அதிகபட்சம் மூன்று ஆண்டு. அந்தப் பதிவேடு இத்தனை காலமும் அந்தப் பள்ளியில்தான் இருந்தது.