கார் ரிமோட் சாவி கிட்டே போனால்தான் வேலை செய்கிறது, ஏன்?

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) பலமாடி கார் நிறுத்துமிடத்தில், காரை ஒட்டி நின்று அழுத்தினால்தான் கதவு திறக்கிறது என்கிறீர்கள். தூரம் படிப்படியாகக் குறைந்திருந்தால், பெரும்பாலும் சாவிக்குள் இருக்கும் பேட்டரிதான் காரணம்.

முதலில் வீட்டிலுள்ள மாற்றுச் சாவியை அழுத்திப் பாருங்கள். அது சரியாகத் திறந்தால் கோளாறு சாவியில்தான். இரண்டுமே திறக்காவிட்டால் காரின் பேட்டரியைச் சோதிக்க வேண்டும்.

பல சாவிகளில் 3 வோல்ட் சிஆர்2032 பட்டன் பேட்டரி இருக்கும். பழையதில் பொறித்த எண்ணைப் பார்த்து அதையே வாங்குங்கள். மூடியை நெம்பியதும் உலோகத் தகடுகளைக் கவனியுங்கள். நம்மூர் ஈரப்பதத்தில் அவை பச்சை பூத்திருந்தால் புது பேட்டரி போட்டும் பயனில்லை. ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, அப்புறம் போடுங்கள். பழைய பேட்டரி குழந்தைகள் கையில் கிடைக்கவே கூடாது. விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

அவசரத்துக்கு, பட்டன் ஸ்டார்ட் கார் என்றால், ரிமோட்டுக்குள் செருகியிருக்கும் உலோகச் சாவியால் கதவைத் திறங்கள். ரிமோட்டை ஸ்டார்ட் பட்டனை ஒட்டிப் பிடித்து, பிரேக்கை மிதித்து அழுத்துங்கள். உள்ளேயுள்ள சிப்புக்குக் காரே மின்சக்தி தந்துவிடும். சில கார்களில் ரிமோட்டை வைக்கும் இடம் வேறு, கையேட்டில் போட்டிருக்கும்.